கேளாது விட்ட விடை: ‘சி’ நிரல்மொழியின் குறையொன்று

ஒரு மொழியின் சிறப்பை அது சொல்லவல்லவற்றைக் கொண்டு அளப்பது பொதுவழக்கு. அது எதனைச் சொல்லாமல் விட இடங்கொடுக்கின்றது என்பதைக் கொண்டும் அளக்கலாம். இரண்டாம் அளவுகோல் கடுமையானது, ஆயினும் நேர்மையானது. மக்கள் பேசும் மொழிக்கு மட்டுமன்றி, கணிப்பொறிக்குக் கட்டளையிட மனிதன் வகுத்துக்கொண்ட மொழிகளுக்கும் இவ்வளவுகோல் பொருந்தும். அவற்றுள் தலையாய ஒன்றாகிய ‘சி’ மொழியை ஈண்டு எடுத்துக்கொண்டு, அதன் இலக்கணத்தில் அமைந்த குறையொன்றையும், அதனைத் துடைக்க முற்பட்டோர் கையாண்ட வழிகளின் நன்மை தீமைகளையும் ஆராய்வோம்.

தமிழாசிரியர்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என்று சிலர் வினவக்கூடும். காரணம் இரண்டு. நம் தொடக்கப் பள்ளிகளில் அரிச்சுவடி கற்ற பிள்ளைகள் பலர் இன்று நிரல் எழுதி வாழ்கின்றனர். அவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியரும் நம்மிடையே உளர். இஃது ஒன்று. மற்றொன்று, இவ்வழக்கு இலக்கணம் பற்றியது. ஒரு வாக்கியம் எங்கே முடிகின்றது, முடிந்தபின் அதன் பயன் என்னவாயிற்று என்று கேட்பது நமது தொழில் அன்றோ?

தூதனும் அவன் கொணர்ந்த விடையும்

‘சி’ மொழியில் அமைந்த நிரல் பல செயற்கூறுகளால் ஆனது. ஒவ்வொரு செயற்கூறும் ஒரு வேலையைச் செய்யும். செய்து முடித்ததும் தன்னை அழைத்த இடத்திற்கு ஒரு மதிப்பைத் திருப்பித் தரும். அதனை நாம் ‘விடை’ என்றே வழங்குவோம்.

தலைமையாசிரியர் ஒரு மாணவனிடம் கடிதத்தைக் கொடுத்துத் தோட்ட அலுவலகத்திற்கு அனுப்புகிறார் என்று கொள்வோம். சிறுவன் சென்று திரும்பி வந்து மேசையருகே நிற்கின்றான். “கிராணியார் கடிதத்தை வாங்கிக்கொண்டாரா, என்ன சொன்னார்?” என்று ஆசிரியர் கேட்க வேண்டும். கேளாமல் அவர் அடுத்த வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டால், சிறுவன் தானாக எதுவும் சொல்லாமல் தன் இருக்கைக்குப் போய்விடுவான். கடிதம் சேர்ந்ததாகவே ஆசிரியர் எண்ணிக்கொண்டிருப்பார். அலுவலகம் அன்று பூட்டிக் கிடந்திருந்தாலும் அவருக்குத் தெரியாது. ‘சி’ மொழியின் நிரலிலும் இதுவே நிகழ்கின்றது. செயற்கூறு விடையோடு வந்து நிற்கும். அழைத்தவன் வாங்காவிடில் அவ்விடை அங்கேயே மறையும். மொழி அதுபற்றி ஒரு சொல்லும் சொல்லாது.

இவ்விடைகள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. அவற்றை நான்காகப் பகுத்து நோக்குதல் நலம்.

முதல் வகையில் விடையே வேலை. வர்க்கமூலம் காணும் செயற்கூறு இத்தகையது. விடை வேண்டாதவன் அதனை அழைக்கவே மாட்டான். ஆதலின் இங்கு இடர்ப்பாடு குறைவு.

இரண்டாம் வகை, வேலை நடந்ததா இல்லையா என்று சொல்லும் விடை. கோப்பை மூடும் ‘குளோஸ்’ என்னும் செயற்கூறு, மூடியது செவ்வனே நிகழ்ந்தால் 0 என்றும், பிழை நேர்ந்தால் -1 என்றும் சொல்லும்.

மூன்றாம் வகை, வேலை எவ்வளவு நடந்தது என்பது. 1000 பைட்டுகளை எழுதுக என்று ‘ரைட்’ என்னும் செயற்கூற்றைப் பணித்தால், அது 600 மட்டும் எழுதி, 600 என்று விடை தரலாம். அது தோல்வியன்று, முழு வெற்றியும் அன்று. எஞ்சிய 400-ஐ மீண்டும் எழுதுவது அழைத்தவன் கடமை. பால் நிறுக்குமிடத்தில் நிறையைச் சொல்லும்போது காதில் வாங்காதவனுக்குக் கணக்கு எப்படி நேராகும்?

நான்காம் வகை, பயனற்ற விடை. எழுத்துத்தொடரைப் படியெடுக்கும் ‘ஸ்ட்ர்காப்பி’ என்பது, நாம் கொடுத்த முகவரியையே நமக்குத் திருப்பித் தருகின்றது. அதனை வாங்காது விடுவதால் இழப்பு ஒன்றுமில்லை.

இந்நான்கும் மொழியின் கண்ணுக்கு ஒன்றே. உயிர்போகும் செய்தியையும் வெறும் தலையசைப்பையும் ஒரே உறையில் இட்டு அனுப்பும் வழக்கம் நேர்ந்துவிட்டது. நான்காம் வகையைப் புறக்கணித்துப் பழகிய கை, இரண்டாம் மூன்றாம் வகைகளையும் அப்படியே புறக்கணிக்கின்றது. நாம் குறை என்பது இதனையே.

குறை பிறந்த இடம்

இக்குறை கவனக்குறைவால் வந்ததன்று. அதற்கு வரலாறு உண்டு. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள பெல் ஆய்வுக்கூடத்தில், 1970-களின் தொடக்கத்தில், டென்னிஸ் ரிட்சி என்பார் ‘சி’ மொழியை உருவாக்கினார். அதற்கு முன்னோடி கென் தாம்சன் அமைத்த ‘பி’ மொழி; அதற்கும் முன்னோடி மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் அமைத்த ‘பிசிபிஎல்’. ‘பி’ மொழியில் மதிப்புகளுக்கு வகை வேறுபாடு இல்லை. எல்லாம் ஒரே அளவுடைய சொற்களே. அவ்வழி வந்த ‘சி’ மொழியில், ஒரு செயற்கூறு எவ்வகை விடை தரும் என்று எழுதாது விட்டால், அது முழுவெண் தருவதாகவே கொள்ளப்பட்டது.

ஒன்றும் தராத செயற்கூற்றை எப்படி எழுதுவது? தொடக்கத்தில் அதற்கு வழியே இல்லை. ‘வெறுமை’ என்று பொருள்படும் ‘வாய்ட்’ என்னும் வகை, 1978-இல் பிரையன் கெர்னிகனும் ரிட்சியும் வெளியிட்ட நூலின் முதற்பதிப்பில் இடம்பெறவில்லை. பின்னரே மொழியில் சேர்ந்து, 1989-இல் வெளிவந்த அமெரிக்கத் தரநிலையில் நிலைபெற்றது. ஆகவே விடை சொல்ல ஒன்றுமில்லாத செயற்கூறும், விடை சொல்லத் துடிக்கும் செயற்கூறும், பார்வைக்கு ஒரே கோலத்தில் நின்றன. அந்நிலையில் விடையை வாங்காது விடுதல் குற்றம் என்று மொழி எவ்வாறு சொல்லக்கூடும்?

இதனினும் ஆழமான காரணம் ஒன்று மொழியின் வாக்கிய அமைப்பிலேயே இருக்கின்றது. ‘சி’ மொழியில் மதிப்புடைய எந்தக் கோவைக்கும் பின்னே அரைப்புள்ளி இட்டால் அது வாக்கியமாகிவிடும். அதன் மதிப்பு கைவிடப்படும். மூன்றையும் நான்கையும் கூட்டி அரைப்புள்ளி வைத்தால், அதுவும் பிழையற்ற வாக்கியமே. ஒரு பெயருக்கு 5 என்று மதிப்பேற்றுவதும் அங்கே ஒரு கோவைதான். அதற்கும் 5 என்னும் மதிப்பு உண்டு. ஒவ்வொரு முறையும் அம்மதிப்பு கைவிடப்படுகின்றது. எனவே மதிப்பைக் கைவிடுதல் என்பது இம்மொழியில் விலக்கன்று, அன்றாட ஒழுக்கம்.

நம் இலக்கண நூலோர் வாக்கியத்தின் முடிபைப் பயனிலை என்று பெயரிட்டனர். எழுவாய் எதனைச் செய்தது, அதன் பயன் யாது என்பது தெரிந்தால்தான் கேட்போர் உள்ளம் அமைதியுறும். ‘சி’ மொழியோ பயன் தெரியாமலேயே அரைப்புள்ளியோடு அமைதியுற்றுவிடுகின்றது. சிறிய நினைவகமுடைய பொறிகளில், தாம் செய்வது யாது என்று நன்கறிந்த ஒரு சிலர்க்காக அமைந்த மொழி அது. அவர்க்கு அந்நெகிழ்ச்சி வசதியாகவே இருந்தது. பின்னர் உலகமெலாம் அதனை எடுத்தாண்டபோது, வசதி விபத்துக்கு வழியாயிற்று. ஆக்கியோனைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஆக்கத்தை அளந்து பார்ப்பதே நோக்கம்.

நூல் கற்பித்த முதற்பாடம்

கெர்னிகன், ரிட்சி இருவரும் இயற்றிய நூல் போற்றத்தக்கது. சுருக்கம், தெளிவு, எடுத்துக்காட்டுகளின் பொருத்தம் ஆகிய மூன்றிலும் அதற்கு நிகரான பாடநூல்கள் கணினித்துறையில் சிலவே. ஆனால், ஆசிரியர் என்ற முறையில் நோக்கும்போது அந்நூலின் பாட ஒழுங்கில் ஒரு குறை புலப்படுகின்றது.

உலகத்திற்கு வணக்கம் சொல்லும் சிறு நிரலே அதன் முதற்பாடம். ‘பிரிண்ட்எஃப்’ என்னும் செயற்கூற்றை அழைத்து ஒரு வரியை அச்சிடச் செய்வது அது. அச்செயற்கூறு, தான் எத்தனை எழுத்துகளை வெளியிட்டது என்பதை விடையாகத் தரும். பிழையாயின் குறையெண் தரும். முதற்பாடத்தில் அவ்விடை வாங்கப்படவில்லை. ஆக, ‘சி’ கற்கும் மாணவன் வாழ்நாளில் எழுதும் முதல் வாக்கியமே விடை கேளாத வாக்கியம். அதன் பின்னர் வரும் பாடங்களிலும் அதே செயற்கூறு அதே முறையில் பலகால் வருகின்றது.

நூலாசிரியர்க்கு இவ்வுண்மை தெரியாததன்று. 1988-இல் வந்த இரண்டாம் பதிப்பின் ஏழாம் அதிகாரத்தில், கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக வெளியிடும் நிரலை எழுதுமிடத்து, கோப்பு திறந்ததா என்று பார்ப்பதோடு நில்லாமல், வெளியீட்டில் பிழை நேர்ந்ததா என்றும் பார்க்கின்றனர். வட்டு நிரம்பிவிட்டால் வெளியீடு தவறக்கூடும், ஆதலின் பயனுக்கு வரும் நிரல் அதனையும் ஆராய வேண்டும் என்ற கருத்தையும் அங்கே கூறுகின்றனர். முதல் அதிகாரத்திலேயே, முதன்மைச் செயற்கூறு தன்னை இயக்கிய சூழலுக்கு நிலைமையைத் தெரிவித்தல் வேண்டும் என்பதை நினைவூட்டுமுகமாக, விடைதரும் வரியை இனிச் சேர்த்தெழுதுவோம் என்கின்றனர். விடை கொடுக்கும் கடமையை முதல் அதிகாரத்திலும், விடை கேட்கும் கடமையை ஏழாம் அதிகாரத்திலும் கற்பித்தார்கள். இடைப்பட்ட ஐந்து அதிகாரங்களில் மாணவன் கை பழகிவிடுகின்றது. ஆண்டின் தொடக்கத்தில் எழுதுகோலைத் தவறாகப் பிடிக்க விட்டுவிட்டு, ஆண்டு முடிவில் திருத்த முற்படுவது எத்துணை அரிது என்பது ஆசிரியர்கள் அறிந்ததே.

ஈண்டு ஒரு நுட்பம் கருதத்தக்கது. ‘பிரிண்ட்எஃப்’ தரும் விடையை மட்டும் கேட்டுவிட்டால் போதுமா? போதாது. லினக்ஸ் இயங்குதளத்தில், எப்போதும் நிரம்பியே இருப்பதாக நடிக்கும் ஒரு சாதனக் கோப்பு உண்டு. சாதனக் கோப்பகத்தில் ‘ஃபுல்’ என்பது அதன் பெயர். வணக்க நிரலின் வெளியீட்டை அதனுள் செலுத்தினால், ‘பிரிண்ட்எஃப்’ 13 என்று நல்ல விடையே தரும். எழுத்துகள் முதலில் இடைத்தேக்கத்தில் சேர்வதே காரணம். அவை வெளியேறும்போதுதான் தோல்வி நேர்கின்றது. தேக்கத்தை வெளியேற்றும் ‘எஃப்ஃபிளஷ்’, அல்லது மூடும் ‘எஃப்குளோஸ்’ தரும் விடையில்தான் உண்மை இருக்கின்றது. அதனைக் கேளாத நிரல், ஒரெழுத்தும் போய்ச் சேராத நிலையிலும் ‘எல்லாம் நலம்’ என்னும் 0-ஐச் சூழலுக்குச் சொல்லிவிட்டு முடிந்துபோகும். ஆதலால், விடை கேட்பதோடு, யாரிடம் கேட்பது என்பதையும் அறிதல் வேண்டும்.

விளைந்த கேடுகள்

இவையெல்லாம் ஏட்டளவில் நிற்கும் ஐயங்கள் என்று ஒதுக்குவார் உளர். நடந்த செய்திகள் வேறு விதமாக உள்ளன.

2008-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், லினக்ஸ் 2.6-இன் கோப்பு முறைமைகள் அனைத்தையும், மூன்று முக்கிய சேமிப்புச் சாதன இயக்கிகளையும் பொறி கொண்டு ஆராய்ந்தனர். பிழையைத் தெரிவிக்கும் விடைகள் அவற்றுள் எவ்வாறு கைமாறுகின்றன என்பதே ஆய்வுப்பொருள். 1153 அழைப்புகளில், அஃதாவது நூற்றுக்கு 13 பங்கில், பிழைவிடை ஒன்றும் செய்யப்படாமல் கைவிடப்பட்டிருந்தது. படிக்கும்போது நேரும் பிழைகளைவிட எழுதும்போது நேரும் பிழைகளே மிகுதியாகப் புறக்கணிக்கப்பட்டன என்பதும், இவற்றுட் பல தற்செயலான மறதிகளாகத் தோன்றாமல், வேண்டுமென்றே செய்தவை போலத் தோன்றின என்பதும் அவர்கள் கண்ட முடிவுகள். படித்தல் தவறினால் உடனே தெரிந்துவிடும். எழுதுதல் தவறினால் என்றோ ஒருநாள், திரும்பப் படிக்கும்போதுதான் தெரியும். பிறகு தெரியும் பிழையையே மனிதன் முதலில் புறக்கணிக்கின்றான் போலும்!

2010-இல் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் ஒரு பாதுகாப்புக் குறை வெளிப்பட்டது. கைப்பேசியைக் கணினியோடு இணைத்து ஆராய உதவும் பணிநிரல் ஒன்று, முதலில் முழு அதிகாரத்தோடு தொடங்கி, பின்னர் ‘செட்யுஐடி’ என்னும் அழைப்பால் தன் அதிகாரத்தைத் துறக்கும். ஒரு பயனர் பெயரில் இயங்கக்கூடிய செயல்களின் எண்ணிக்கை வரம்பை முட்டியிருந்தால், அவ்வழைப்பு தோற்றுப் பிழைவிடை தரும். பணிநிரல் அவ்விடையைக் கேட்கவில்லை. தாக்குவோர் வரம்பு முட்டும்வரை செயல்களைப் பெருக்கி, பணிநிரலை மீண்டும் தொடங்கச் செய்தனர். அதிகாரத்தைத் துறந்ததாக எண்ணிய பணிநிரல், முழு அதிகாரத்தோடே தொடர்ந்து இயங்கிற்று. பதவியைத் துறந்தேன் என்று சொல்லிவிட்டுச் சாவிக்கொத்தைக் கையிலேயே வைத்திருந்த கதைதான் இது. கேளாமல் விட்டது ஒரேயொரு விடை.

2018-இல் வெளிப்பட்ட மற்றொரு செய்தி இன்னும் கருதத்தக்கது. போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள நிரல், தரவு வட்டில் உறுதியாகப் பதிந்ததா என்று ‘எஃப்சிங்க்’ அழைப்பால் கேட்கும். தோல்வி என்று விடை வந்தால் பின்னர் மீண்டும் கேட்கும். ஆனால் லினக்ஸ் கருவகம் தோல்வியை ஒருமுறை சொன்னபின், பதியாத பக்கங்களைப் பதிந்தனவாகவே குறித்துக்கொண்டு, அடுத்த முறை கேட்கும்போது வெற்றி என்று சொல்லக்கூடும் என்பது அப்போது தெளிவாயிற்று. 2019-இல் போஸ்ட்கிரெஸ் தன் வழியை மாற்றி, முதல் தோல்வியிலேயே நின்று, பதிவேட்டிலிருந்து மீளும் முறையை மேற்கொண்டது. இங்கே விடை கேட்கப்பட்டது. ஆயினும் அதன் பொருள் பிழையாக உணரப்பட்டது. சில விடைகள் ஒருமுறைதான் சொல்லப்படும் என்பதும், அம்முறை தவறவிட்டால் பிறகு யாரைக் கேட்டும் பெற இயலாது என்பதும் இதனால் பெறப்படும் பாடம்.

துடைப்பங்களும் அவற்றின் தரமும்

இக்குறையைத் துடைக்க வந்த கருவிகளுள் மூத்தது ‘லிண்ட்’. பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஸ்டீபன் ஜான்சன் 1970-களின் பிற்பகுதியில் அதனை அமைத்தார். துணியில் ஒட்டிய பஞ்சுப் பிசிறு என்பது அப்பெயரின் பொருள். ஒரு செயற்கூற்றின் விடை எங்குமே வாங்கப்படவில்லை என்றாலும், சிலவிடத்து வாங்கப்பட்டுச் சிலவிடத்து விடப்பட்டது என்றாலும் அது எடுத்துச் சொல்லும். இரண்டாவது குறிப்பு மிக நுண்ணிது. பத்து இடங்களில் ஒன்பதில் கேட்டுவிட்டு ஓரிடத்தில் மட்டும் கேளாதிருந்தால், அவ்வோரிடமே பெரும்பாலும் பிழையிடம். எழுதியோரின் பெரும்பான்மை வழக்கையே இலக்கணமாகக் கொண்டு விலகலைக் காட்டும் முறை இது.

ஆனால் ‘பிரிண்ட்எஃப்’ வந்த இடமெல்லாம் ‘லிண்ட்’ முறையிட்டது. அம்முறையீட்டை அடக்க, அழைப்பின் முன் ‘வாய்ட்’ என்று அடைப்புக்குறிக்குள் எழுதும் வழக்கம் பிறந்தது. ‘இதற்கு விடை உண்டு என்று அறிவேன், ஆராய்ந்தே வேண்டாம் என்றேன்’ என்பது அக்குறியின் பொருள். நல்ல குறிதான். ஆயினும் நடைமுறையில் நடந்தது யாது? பழைய நிரலைத் தூய்மை செய்யப் புகுந்தோர், முறையீடு எழுந்த இடத்திலெல்லாம் ஆராயாமலே அக்குறியை ஒட்டினர். ஆராய்ந்தேன் என்னும் சொல் ஆராயாத இடத்தில் நின்றது. எச்சரிக்கை அடங்கியது; பிழை அடங்கவில்லை. முன்னே தெரியாமல் இருந்த பிழைக்கு இப்போது ஒப்புதல் முத்திரையும் கிடைத்தது. குப்பையைப் பாய்க்கடியில் தள்ளியவன் வீட்டைப் பெருக்கியவன் ஆகான்.

2004-இல் வெளிவந்த ஜிசிசி 3.4 தொகுப்பி வேறு வழியைக் கண்டது. எச்செயற்கூற்றின் விடை புறக்கணிக்கத்தகாதது என்பதை, அதனை ஆக்கியவனே குறித்து வைக்கலாம். குறித்ததை மீறி அழைத்தால் தொகுப்பி எச்சரிக்கும். நாம் மேலே பகுத்த நான்கு வகைகளைப் பிரித்துக் காட்டும் ஆற்றல் இதனால் மொழிக்கு முதன்முதலாகக் கிட்டிற்று. ‘வாய்ட்’ என்னும் குறியால் அவ்வெச்சரிக்கையை அடக்க முடியாதவாறு ஜிசிசி செய்தது. கிளாங் என்னும் மற்றொரு தொகுப்பியோ அக்குறியை ஏற்றுக்கொள்கின்றது. எது சரி? ஜிசிசியின் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. ஆனால் அக்கண்டிப்பு, விடையைப் பயனில்லாத பெயரொன்றில் ஏற்றி வைத்துவிட்டு மறந்துபோகும் புதுத்தந்திரத்துக்கு வழிவிட்டது. ‘வாய்ட்’ குறியாவது தேடினால் அகப்படும். வீண்பெயர் அகப்படுவது அரிது. நேர்மையான விலக்குக்கு ஒரு வாயில் வைத்தலே அறிவுடைமை என்பது என் கருத்து.

வாகனங்கள் முதலியவற்றின் நிரலுக்கு விதி வகுக்கும் மிஸ்ரா நூல்களின் போக்கும் ஒப்புநோக்கத்தக்கது. 2004-ஆம் ஆண்டு விதி 16.10, பிழையைத் தெரிவிக்கும் விடையைச் சோதிக்க வேண்டும் என்றது. 2012-ஆம் ஆண்டுப் பதிப்பில் அக்கருத்து ஒரு நெறியாக நிலைநிற்க, அதனோடு விதி 17.7 சேர்ந்தது; வெறுமையல்லாத எந்த விடையும் பயன்படுத்தப்பட வேண்டும் என்றும், வேண்டாதவிடத்து ‘வாய்ட்’ குறி இடவேண்டும் என்றும் அது விதித்தது. பொறி கொண்டு சோதிப்பதற்கு இவ்விதி எளிது, ஐயமில்லை. ஆனால் பயனற்ற விடையையும் பயனுள்ள விடையையும் ஒரே தராசில் நிறுக்கின்றது. நிரல் முழுதும் ‘வாய்ட்’ குறி பரவிக் கிடந்தால், காக்க வேண்டிய ஓரிடத்தில் இடப்பட்ட குறியும் அக்கூட்டத்தில் கலந்து போகின்றது. முந்தைய விதியே பொருள் நோக்கியது; பிந்தையது வடிவம் நோக்கியது.

‘சி’ மொழியின் உலகத்தரம் 2024-இல் வெளியிடப்பட்டபோது, ‘நோடிஸ்கார்டு’, அஃதாவது கைவிடற்க, என்னும் குறி மொழியிலேயே இடம்பெற்றது. அது ஏன் கைவிடத்தகாதது என்ற காரணத்தையும் உடன் எழுத அங்கே இடமுண்டு. மொழி பிறந்து அரை நூற்றாண்டு கழிந்தபின் வந்த திருத்தம் இது. வரவேற்போம். ஆயினும் இக்குறி இட்டால்தான் காவல். இடாதவிடத்துப் பழைய மௌனமே நீடிக்கின்றது. 2015-இல் முதற்பதிப்பாக நிலைபெற்ற ரஸ்ட் மொழியில், வெற்றி தோல்வியைச் சுமந்து வரும் விடைக்கென்றே தனி வகையுண்டு. அதனைக் கைவிட்டால் தொகுப்பி தானே எச்சரிக்கின்றது. அங்கே இயல்பாக அமைந்தது, இங்கே வேண்டிப் பெறுவதாய் உள்ளது.

தூய்மை செய்யும் நெறி

அப்படியாயின், பழைய நிரலைத் திருத்த எடுத்தவன் செய்யத்தக்கது யாது?

முதலாவது, தன் நிரலில் உள்ள செயற்கூறுகளை வகைப்படுத்த வேண்டும். எப்போதும் 0 மட்டுமே தந்து, ஒருவரும் கேளாத செயற்கூறு தன்னுடையதாயின், அதனை ‘வாய்ட்’ ஆக மாற்றுதலே முறை. சொல்ல ஒன்றுமில்லாதவன் வாய் திறவாதிருப்பது நன்று. பொய்விடைகள் குறையக் குறைய மெய்விடைகள் புலப்படும்.

இரண்டாவது, தோல்வியைச் சொல்லும் செயற்கூறுகளுக்குக் கைவிடற்க என்னும் குறியை இட்டுத் தொகுக்க வேண்டும். எச்சரிக்கைகள் நூற்றுக்கணக்கில் எழலாம். அவற்றை ஒரே நாளில் அடக்க முயல்வதே பெரும்பிழை. எழுதுதல், மூடுதல், அதிகாரம் துறத்தல், நினைவகம் பெறுதல் ஆகிய நான்கையும் முதற்கண் நோக்கி, ஒவ்வொன்றாகப் படித்துத் தீர்க்க வேண்டும்.

மூன்றாவது, விடையைக் கேட்டபின் என் செய்வது என்று முடிவு செய்ய வேண்டும். இதுவே கடினமானது. விடை கேட்கத் தொடங்கிய செயற்கூறு, தானும் தன்னை அழைத்தவர்க்குச் சொல்ல வேண்டியதாகும். அவர் தம்மை அழைத்தவர்க்குச் சொல்ல வேண்டியதாகும். இங்ஙனம் திருத்தம் மேன்மேல் படிந்து ஏறும். அதற்கு அஞ்சியே பலர் பாதியில் நிறுத்தி, தோல்வி என்று ஒருவரி அச்சிட்டுவிட்டு, ஒன்றும் நடவாதது போல் மேற்செல்கின்றனர். கேட்டும் கேளாததே அது.

நான்காவது, உண்மையிலேயே செய்யத்தக்கது ஒன்றுமில்லை எனில், ‘வாய்ட்’ குறியோடு காரணத்தையும் ஒருவரியில் எழுதி வைக்க வேண்டும். படிப்பதற்கு மட்டும் திறந்த கோப்பை மூடும்போது வரும் விடையை விடுதற்குக் காரணம் காட்டலாம். எழுதிய கோப்பை மூடும்போது அவ்வாறு காட்டுதல் அரிது. காரணம் எழுத வராதவிடத்து, ஆராய்ச்சி முடியவில்லை என்று அறிக.

ஒவ்வொரு வரியிலும் விடை கேட்டால், நிரலின் கருத்தே சோதனைகளுக்குள் மூழ்கிவிடும் என்பார் கூற்றிலும் உண்மையுண்டு. ஆனால் ஒவ்வோர் அழைப்பிலும் கேட்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஒவ்வொரு தோல்வியும் ஓரிடத்திலேனும் கேட்கப்பட வேண்டும் என்கிறோம். வெளியீட்டு ஓடையில் நேர்ந்த பிழையை ஓடை தானே நினைவில் வைத்துக்கொள்ளும். நூறு முறை ‘எஃப்பிரிண்ட்எஃப்’ அழைத்துவிட்டு, இறுதியில் ‘ஃபெர்ரர்’ என்பதால் ஒருமுறையும், ‘எஃப்குளோஸ்’ விடையால் ஒருமுறையும் கேட்டால், நூறுக்கும் சேர்த்து விடை கிடைத்துவிடும். இவ்வாறு எழுதினால் நிரலின் அழகும் கெடாது, காவலும் குறையாது. ‘லிண்ட்’ கருவிக்கும், 17.7-ஆம் விதிக்கும் இவ்வேறுபாடு தெரியாது. மனிதனுக்குத் தெரிதல் வேண்டும்.

இதுகாறும் கூறியவற்றால், ‘சி’ மொழியின் இலக்கணம் விடையைக் கைவிட இடங்கொடுத்தது என்பதும், அதன் முதல்நூல் அவ்வழக்கத்தை முதற்பாடத்திலேயே ஊன்றிற்று என்பதும், பின்வந்த கருவிகள் குறையைக் காட்ட வல்லனவேயன்றித் தீர்க்க வல்லன அல்ல என்பதும் விளங்கும். குறை மொழியில் பிறந்தது, வளர்ந்தது பழக்கத்தில். மொழியைத் திருத்தத் தரநிலைக் குழுவினர் இருக்கின்றனர். பழக்கத்தைத் திருத்தும் பணி ஆசிரியர்க்கு உரியது.

நிரல் கற்பிக்கும் அன்பர்கள் வணக்க நிரலை முதற்பாடமாகவே வைத்துக்கொள்ளட்டும், அதில் தவறில்லை. ஆனால் இரண்டாம் பாடத்தை ஏழாம் அதிகாரத்திற்குத் தள்ளிவைக்க வேண்டா. அன்றைக்கே அந்நிரலின் வெளியீட்டை நிரம்பிய சாதனக் கோப்பினுள் செலுத்திக் காட்டுக. திரையில் ஒன்றும் தோன்றாது. நிரலோ 0 என்று சொல்லும். “வணக்கம் போய்ச் சேர்ந்ததா?” என்று மாணவரைக் கேளுங்கள். அவர்கள் விழிக்கும் அந்த நொடியில் ‘எஃப்குளோஸ்’ தரும் விடையைக் கேட்கக் கற்பித்தால், பிற்காலத்தில் எந்தத் துடைப்பமும் அவர்கள் பின்னே சென்று பெருக்க வேண்டியிராது.